ஒரே ஒரு பார்வையாளர்

புதிய தொழில்நுட்பம் வந்ததும் பழையது தானாகவே செத்துவிடும் என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். பெரும் பிழை. அதைக் கொல்வதற்கென்று ஒரு கூட்டம் போட வேண்டும்.

அப்படியொரு கூட்டத்தில், இணையதளக் குழுவின் தலைவர் திரையில் இரண்டு கோடுகளைக் காட்டினார்.

“மேல ஏறுறது புது முறை. படம், எழுத்து, அலங்காரம் எல்லாம் தேவைப்படும்போதுதான் இறங்கும். உலகமே மாறியாச்சு. கீழ தரையோட ஊர்றது பழசு. நம்ம தளத்துல அதை நம்பி வர்றது ஒரே ஒரு ஆள்!”

எல்லோரும் மூத்த பெண் ஊழியரைப் பார்த்தார்கள். பட்டப்பெயர், பஞ்சாங்கம். பழைய போன்களிலும் படங்கள் தெரிவதற்கென்று தனி நிரல் எழுதி வைத்திருப்பவர் அவர்தான்.

“இன்னும் எதுக்கும்மா அது?”

“ஒருத்தர் தினமும் வர்றாரே, சார்.”

“யாரு, உங்க மாமனாரா?”

அறையே சிரித்தது.

“காரணம் எழுதாம ஒரு வரியைக்கூடத் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். நீங்க எழுதியிருக்கிறதைப் பாருங்க. ‘ஒருவருக்காக.’ இதெல்லாம் ஒரு காரணமா?”

பஞ்சாங்கம் தன் மடிக்கணினியை மூடினார்.

“சார், நீங்க அப்பாகிட்ட பேசி ரொம்ப நாளாச்சோ?”

“பேச்சை மாத்தாதீங்க.”

தலைவரே தன் கையால் அந்த நிரலை நீக்கினார். காரணம் எழுதும் இடத்தில், ‘யாருக்கும் தேவையில்லை’ என்று தட்டினார்.

மறுநாள் மதியம் பஞ்சாங்கத்தின் மேசையில் தொலைபேசி விடாமல் அடித்தது. அவர் சாப்பிடப் போயிருந்தார். தலைவர் எடுத்தார்.

“அந்தம்மா இல்லீங்களா? ஒண்ணுமில்லீங்க சார், உங்க ஆபீஸ் ஆளுங்க படம் போட்ட பக்கத்தைத் தினமும் பார்ப்பேன். இன்னிக்கு வெறும் சாம்பல் கட்டமா இருக்கு. முன்னயும் ஒருதடவை இப்படி ஆச்சு. அந்தம்மாதான் சரிபண்ணிக் குடுத்தாங்க.”

தலைவர் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“போன் பழசு சார். பையன் புதுசு வாங்கினப்ப எனக்குக் குடுத்தது. அவன்தான் அங்க தலைவர். அவன்கிட்ட சொல்லிடாதீங்க, வேலையில இருப்பான். முகத்தைப் பார்க்க வேற வழியில்லை, அதான்.”

“சரி” என்றார் தலைவர், குரலை மாற்றிக்கொண்டு.

“ரொம்ப நன்றிங்க சார்.”

அன்று மாலையே தலைவர் தன் கையால் பழைய நிரலைத் தளத்தில் திரும்பச் சேர்த்தார். காரணம் எழுதும் இடம் காலியாக இருந்தது.