படவேட்டம்மன் திருநீறு

“இன்னா கிருமின்னு வளத்துப் பாக்க எத்தனை வாட்டி ரத்தம் எடுத்தாங்க தெரியுமா டாக்டரம்மா? ஒரு கிருமி வளரல!” என்றார் கந்தசாமி.

வருஷா வருஷம் இதயத்தைக் காட்ட ஆரணியிலிருந்து வேலூருக்கு வரும் பட்டு நெசவாளி. 1976இல் வந்த காய்ச்சலின் கதையைப் புது டாக்டர் யாரிடமும் சொல்லாமல் விடமாட்டார்.

“முன்னாடியே மாத்திரை சாப்பிட்டிருந்தீங்களா? மருந்து ரத்தத்துல இருந்தா கிருமி எங்களுக்குச் சிக்காதே.”

“அய்யே! அம்மன் கோபம்னு எங்கம்மா வூட்டுக்குள்ள மருந்தே வுடல. படவேட்டம்மன் திருநீற தண்ணியில கரைச்சு இவ குடுப்பா. அவ்ளோதான். கடைசியா எடுத்ததுல வளந்துச்சு. வால்வுல ஒட்டிகினு இருந்துச்சாம்.”

பக்கத்தில் இருந்த அவர் மனைவி தெய்வநாயகி முந்தானையால் சிரிப்பை மறைத்தாள். அன்று மாமியாருக்குத் தெரியாமல் திருநீற்றோடு மாத்திரையையும் பொடித்துக் கலந்தவள் அவள். கடைசியில் அப்போதைய டாக்டரைத் தனியாகப் பார்த்து அழுதுகொண்டே சொன்னாள். அதை நிறுத்திய பிறகுதான் கிருமி பிடிபட்டது.

திரும்பும் பஸ்ஸில் கந்தசாமி சொன்னார்: “நீ சிரிச்சத பாத்தேன். அன்னிக்கு நீ குடுத்த தண்ணி எப்படி கசக்கும்! திருநீறு எங்கனா கசக்குமா?”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “தெரியுமா? அப்போ அன்னிக்கு அந்த டாக்டர் கேட்டப்பவே சொல்றதுக்கு இன்னாங்க? உயிரே போயிருக்குமே!”

“எங்கம்மா பக்கத்துலயே நின்னுகினு இருந்துச்சே. சொல்லியிருந்தா அப்புறம் உன்ன வூட்டுல சேத்திருக்குமா?”