சாத்தின ஜன்னல்

"ஏனுங்கம்மா, படம் தெரியுதுங்களா?" மொட்டை மாடியில் இருந்து காளியண்ணன் குரல் கொடுத்தான்.

"பளிச்சுன்னு தெரியுது சாமி! நீ நல்லா இருப்பே!" கீழே கூடத்தில் இருந்து காளியாத்தாள் வாயார வாழ்த்தினாள். "மழையில டிஷ் சாஞ்சதுல இருந்து இவரு என்னையப் படுத்துன பாடு இருக்குதே! கிறிஸ்துமஸ் நாடகம் போச்சு, நாடகம் போச்சுன்னு ஒரே பொலம்பல்."

காளியண்ணன் தனக்குள் சிரித்துக்கொண்டான். வேலை முடிந்துவிட்டது, ஆனால் அவன் இறங்கவில்லை. கட்டிங் பிளேயரை மடியில் வைத்துக்கொண்டு டிஷ்ஷுக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பொலம்பட்டும், இன்னும் கொஞ்ச நேரத்தில் நன்றாகவே பொலம்பட்டும்!

கீழே சாய்வு நாற்காலியில் கிடக்கும் காளியாத்தாளின் புருஷன் செங்கோட்டையன், அடிவாரத்துக் காரவள்ளியில் இருந்து மலையேறி வந்து மிளகுத் தோட்டம் போட்டவர். அந்தக் காலத்தில் ஊருக்குள் கரண்டுக் கம்பம்கூட வரவில்லை. அவர் வீட்டில் மட்டும்தான் டிவி ஓடியது. லீவு நாள் வந்தால் போதும், காளியண்ணனும் அவன் தங்கச்சி கவிதாவும் உட்பட மலைப் பிள்ளைகள் அத்தனையும் அந்த வீட்டு ஜன்னலில்தான் தொங்கும்.

அப்படி ஒரு கிறிஸ்துமஸ் அன்றுதான் இந்த நாடகத்தைப் போட்டார்கள். மூடுபனியில் வழி தப்பிப்போன ஒரு பையன். விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு காத்திருக்கும் தாய். நடுநடுவே கோயிலில் பாட்டு. அடடா, அதல்லவா பாட்டு! கிறிஸ்துமஸ் என்றால் கறுப்பா சிவப்பா என்று தெரியாத பிள்ளைகள், அந்த ராகத்தைப் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் மரவள்ளிக் காட்டில் பாடித் திரிந்தார்கள். இப்போதும் போடுகிறார்களே பாட்டு, தகரத்தைத் தட்டுகிற மாதிரி!

கடைசிப் பாட்டு முடிந்து, கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. தாய் ஓடிவந்து தாழ்ப்பாளில் கை வைத்தாள். வந்தது மகனா, வெறும் காற்றா? காளியண்ணனுக்கு டிவியில் படம் நாலு பக்கமும் சுருங்குகிற மாதிரி இருந்தது. கண்ணில் நிறைந்த தண்ணீர்தான் அப்படிக் காட்டுகிறது என்று துடைத்துக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்துச் செங்கோட்டையன் எழுந்தார். டிவியை மறைத்துக்கொண்டு நின்றார். திரும்பினார், விறுவிறுவென்று வந்தார், படாரென்று ஜன்னலைச் சாத்தினார்.

தங்கச்சி கவிதாவின் விரல் சட்டத்தில் சிக்கி நசுங்கியது. காளியண்ணன் சாத்தின ஜன்னலில் காதை வைத்துப் பார்த்தான். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. பிள்ளைகள் காதால்கூடக் கேட்டுவிடக் கூடாதென்று சத்தத்தையும் அமுக்கிவிட்டாராம், மகராசன்! நாலு பிள்ளைகள் பார்த்தால் படம் தேய்ந்தா போய்விடும்?

கவிதா வழி நெடுக அழுதாள். விரலுக்காக இல்லை. "அந்தப் பையன் ஊடு சேந்தானாண்ணா?" என்றுதான் அழுதாள். இதே மலையில் குண்டனி நாட்டில் வாக்கப்பட்டுப் பிள்ளை குட்டி பெற்ற பிறகும், கிறிஸ்துமஸ் வந்தால் போனில் அதையே கேட்பாள். கேட்கும்போதெல்லாம் காளியண்ணனுக்கு வயிறு எரியும்.

அந்த நாடகத்தைத்தான் இத்தனை வருஷம் கழித்து இன்றைக்குத் திரும்பப் போடுகிறார்கள். காலையிலேயே போய்க் கவிதா வீட்டு டிஷ்ஷைச் சரி பார்த்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். அவள் முடிவைப் பார்ப்பாள், அவளிடம் அவன் கேட்டுக்கொள்வான். இந்த மனுஷன் மட்டும் பார்க்கக் கூடாது. டிஷ்ஷை ரிப்பேராகவே விட்டிருக்கலாம்தான். ஆனால் அதில் என்ன ருசி? இலையில் சோற்றைப் போட்டுவிட்டு, வாய்க்குப் போகிற நேரத்தில் பிடுங்க வேண்டும்.

கீழே கடைசிப் பாட்டு ஆரம்பித்தது. செங்கோட்டையனுக்குக் காது மந்தம் என்பதால் மாடி வரைக்கும் கணீரென்று கேட்டது. காளியண்ணனுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. ஒரு கணம் கை தயங்கக்கூடச் செய்தது. தங்கச்சியின் நசுங்கின விரலை நினைத்துக்கொண்டான்.

பாட்டு முடிந்தது. கதவு தட்டுகிற சத்தம் கேட்டது.

"பாருடா, இப்பப் பாரு!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு வயரை நறுக்கினான்.

கீழே சத்தம் அடங்கியது. காளியண்ணனுக்கு வயிறு குளிர்ந்தது. 'குரங்கு வயரைக் கடிச்சிருச்சுங்க' என்று சொல்ல வேண்டிய பொய்யை வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு, ஏணியில் இரண்டு இரண்டு படியாக இறங்கினான். அந்த மூஞ்சியை நேரில் பார்க்காவிட்டால் செய்த வேலைக்கு என்ன அர்த்தம்?

கூடத்தில் காளியாத்தாள் தலையில் கை வைத்து நின்றாள். செங்கோட்டையனோ, இருண்ட டிவியைப் பார்த்து உடம்பு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"விடு ஆத்தா, அந்தத் தாய் கதவத் தொறக்கறதப் பாக்க நமக்குக் குடுப்பினை இல்ல" என்றார். "வெளிய நின்ன புள்ளைங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம, வெக்கப்பட்டு ஜன்னலச் சாத்துனனே, நாவகம் இருக்குதா?"

காளியண்ணன் கட்டிங் பிளேயரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். செங்கோட்டையன் மெல்ல அவன் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கும் இதே எடத்துலதான் கண்ணு, பேட்டரி தீந்துபோச்சு."