இரண்டு சிவப்பு

வாத்தியார் ரஃபாத்துக்கு என்னைப் பெண் கேட்டு வந்த அவன் வீட்டுப் பெரியவரின் முன்னால் காபி ஆறிக்கொண்டிருந்தது.

ஜோர்டானில் எங்கள் ஊரான இர்பிதில், பெண்ணின் அப்பா "காபியைக் குடிங்க" என்றால் பெண்ணைக் கொடுத்தாயிற்று. அதுவரை கோப்பையைத் தொடக்கூடாது.

அப்பாவோ வாயைத் திறந்தால்தானே! ஏற்கெனவே இரண்டு பேரை ஆறிப்போன காபியோடு அனுப்பியவர்.

சமையலறைக் கதவிடுக்கில் நானும் அம்மாவும். அம்மா விடியற்காலையிலிருந்து அடுப்பைவிட்டு நகரவில்லை. அப்பா தானே உடுத்திக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். காலுறையில் ஒன்று பச்சை, ஒன்று பழுப்பு. மானம் போயிற்று.

"வாத்தியார் தம்பிக்கு இலக்கணம் தெரியும், சரி. வீட்டுல ஒரு வேலை தெரியுமா?" என்று அப்பா டிவியைக் காட்டினார். "இதுல படம் வரட்டும். அப்புறம் பேசுவோம்."

குவைத்திலிருந்து அண்ணன் அனுப்பிய டிவிடி பிளேயர். கூடவே அவன் மகனை எடுத்த வீடியோ வட்டு. பிறந்து நாற்பது நாளாகியும் பேரன் முகத்தை அப்பா பார்க்கவில்லை. ஒயர் மாட்டத் தெரிந்தவர் யாரும் வீட்டில் இல்லை.

ரஃபாத் சட்டைக் கையை மடித்துக்கொண்டு டிவிக்குப் பின்னால் போனான். இவன் இல்லையென்றால் எனக்கு வேறு யாரும் வேண்டாம்.

ஒயரில் ஐந்து முனைகள். பச்சை, நீலம், சிவப்பு மூன்றும் படத்துக்கு. வெள்ளையும் இன்னொரு சிவப்பும் சத்தத்துக்கு. இரண்டு சிவப்பும் அச்சு அசல் ஒன்றுபோலவே இருந்து தொலைத்தன.

அவன் துளைகளுக்கு மேலிருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்து மாட்டினான். பொத்தானை அழுத்தினான்.

படம் வந்தது!

ஒரு பக்க ஒலிபெருக்கி கர்ரென்றது. திரையில் என் அண்ணன் மகன் கொட்டாவி விட்டான். ஊறவைத்த வெள்ளரிக்காய் மாதிரி பச்சைப்பசேலென்று இருந்தான்.

பாவி, சிவப்பை மாற்றி மாட்டிவிட்டான்.

பெரியவர் ஒருமுறை இருமினார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"அடடா!" அப்பாவின் குரல் உடைந்திருந்தது. "என் பேரன் அப்படியே ரோஜாப்பூ மாதிரி இருக்கான்யா!"

"ரோஜாவேதான் மாமா," என்றான் ரஃபாத், திரையைப் பார்த்து மலர்ந்து.

அவன் விளையாடவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ன பார்த்துக்கிட்டே இருக்கீங்க? காபியைக் குடிங்க!"

பெரியவர் ஒரே மடக்கில் குடித்துவிட்டார். இன்னொரு தடவை திரையைப் பார்க்க அவர் துணியவில்லை.

எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அம்மா என் கையை அழுத்திப் பிடித்தாள். சிரிப்பை அடக்கி அவள் தோள் குலுங்கியது.

"உங்க அப்பாவுக்குப் பச்சையும் சிவப்பும் ஒண்ணுதான்டி. முப்பது வருஷமா வெளியே சொல்லாம காலுறையை ஜோடி சேர்த்து எடுத்து வைக்கிறேன். இன்னைக்குத்தான் மறந்துட்டேன்." பிறகு ரஃபாத்தைப் பார்த்தாள். "இனிமே உன் பாடு."

நான் அவன் கால்களைப் பார்த்தேன். இரண்டும் கறுப்பு.

அவனிடம் இருந்த அத்தனை காலுறைகளும் கறுப்புதான் என்று கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தது.