பத்தொன்பதாம் தாள், ஏழாவது வரி

“தேதி இல்லை,” என்று சொல்லி, கிராண்ட் சிவப்பு மையால் அந்த வரியை அடித்தான்.

“அது உன் பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்துப்பா,” என்றாள் லொரேன்.

“தெரியும்.”

அன்றும் ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். சவரம் செய்தான். நின்றபடியே காப்பி குடித்தான். கார் கண்ணாடியில் படிந்திருந்த உறைபனியைச் சுரண்டினான். ஏழரைக்குக் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், தேர்தல் அலுவலகத்தில் கையெழுத்து மனுத்தாள்களைச் சரிபார்க்க விரித்து உட்கார்ந்துவிட்டான்.

“பெத்த அம்மாவா இருந்தாலும் நீ அடிப்பே,” என்றாள் லொரேன். அவள்தான் அந்த அலுவலகத்தின் தலைமை அதிகாரி. வழக்கமாக இதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பாள். இன்று சிரிக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரரின் வரி அடிபட்டுப் போனதில் ஓபல் ரென்னுக்கு மிஞ்சியவை சரியாக இருநூறு கையெழுத்துகள். ஓபல் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஊரில் இருக்கும் ஒரே ஆஸ்பத்திரியை மூடவிட மாட்டேன் என்று மாநில சட்டசபைக்கு நிற்க வந்தவள். ஆகஸ்டில் நடக்கும் பிரைமரி தேர்தலில், கட்சி வேட்பாளர் யார் என்று மக்களே முடிவு செய்யும் அந்த வாக்குச்சீட்டில் அவள் பெயர் ஏற இருநூறு வாக்காளர்கள் கையெழுத்திட்டிருக்க வேண்டும். நூற்றுத் தொண்ணூற்றொன்பது என்றால் பெயர் இல்லை.

அந்த இருநூறில் ஒன்றின் மேல் பத்து மணிக்கு விசாரணை. பத்தொன்பதாம் தாள், ஏழாவது வரி. ஐரிஸ் டன்லப்.

தாள்கள் வந்த அன்றே கிராண்ட் அந்த ஒன்றை மட்டும் லொரேனின் மேசையில் வைத்திருந்தான். “இந்த வரியை நீங்க பாருங்க.” ஏன் என்று அவள் கேட்கவில்லை.

விசாரணையில் அவனுக்குக் குறிப்பெடுக்கும் வேலைதான். அதே கட்சியில் ஓபலை எதிர்த்து நிற்பவரின் வக்கீல் எழுந்தார். ஐரிஸ் டன்லப் ஏப்ரல் எட்டாம் தேதி மாலை ஐந்து பத்துக்கு ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்றார். கையெழுத்தின் தேதியும் ஏப்ரல் எட்டு. மூன்று மணிக்குப் பிறகு அவர் கண் விழிக்கவே இல்லை என்று நர்ஸின் குறிப்பு சொல்கிறது.

“அப்படிக் கிடந்தவங்க பேனா பிடிச்சாங்கன்னா, யாரு நம்புவா?”

கையெழுத்து வாங்கியவளைக் கூப்பிட்டார்கள். மேவிஸ். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் முப்பது வருடம் பரிமாறி ஓய்வு பெற்றவள். கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் ஐரிஸின் அறைக்கு அடுத்த அறையில் அவள் தம்பி கிடந்தான். மனுத்தாள் செருகிய அட்டையோடு வராந்தாவில் போனவளை, திறந்த கதவு வழியாக அந்தப் பெண்தான் கூப்பிட்டாள். என்ன தாள் என்று கேட்டாள். இந்த ஆஸ்பத்திரியைக் காப்பாற்ற என்றதும் பேனாவுக்குக் கை நீட்டினாள். மணி இரண்டே முக்கால் இருக்கும்.

“கூட யாராவது இருந்தாங்களா?” என்றார் வக்கீல்.

“இல்லீங்க. கூட இருந்தவர் காரை நகர்த்தி நிறுத்தக் கீழே போயிருந்தார்.”

கிராண்டின் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எழுதியது.

“நீங்க கையைப் பிடிச்சு எழுத வச்சீங்களா?”

“பிடிக்கப் போனேன். வேண்டாம்னு தலையாட்டிட்டா. ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவுல மூச்சு வாங்கினா. நாலு நிமிஷம் ஆச்சு. பாறையைப் புரட்டுற மாதிரி எழுதினா. எழுதினதும் அப்படியே கண்ணை மூடிட்டா.”

ஐரிஸ் முன்பு கையெழுத்திட்டு அலுவலகக் கோப்பில் இருந்த வாக்காளர் பதிவு அட்டையை லொரேன் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். அட்டையில் டன்லப்பின் கடைசி எழுத்திலிருந்து ஒரு கோடு கிளம்பி, பெயர் முழுவதற்கும் அடியில் ஓடியிருந்தது. தாளில் எழுத்துகள் நடுங்கிச் சரிந்திருந்தன. ஆனால் அந்தக் கோடு இருந்தது. இரண்டு இடத்தில் அறுந்து, மறுபடி தொடங்கி, முதல் எழுத்துவரை வந்து சேர்ந்திருந்தது.

வக்கீல் குனிந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். வேறு கேள்வி இல்லை என்றார்.

கையெழுத்துப் போட்ட நேரத்தில் அவர் உயிரோடு இருந்தார், வாக்காளராக இருந்தார், தேதி சரி. செல்லும் என்று லொரேன் தீர்ப்பை எழுதினாள். இருநூறு. ஓபல் ரென்னின் பெயர் வாக்குச்சீட்டில் ஏறியது.

வராந்தாவில் மேவிஸ் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். கிராண்ட் வந்து எதிரே நின்றான்.

“கண்ணை மூடுறதுக்கு முன்னாடி ஏதாவது சொன்னாங்களா?”

“அது கேஸுக்கு வேணுமா தம்பி?”

“இல்லை. கேஸ் முடிஞ்சு போச்சு.”

விசாரணைக்கு உதவாத வேடிக்கைப் பேச்சு என்றுதான் உள்ளே சொல்லவில்லை என்றாள் மேவிஸ். இன்று தேதி என்ன என்று அந்தப் பெண் இரண்டு தடவை கேட்டாளாம். எட்டு என்றதும் எழுதிவிட்டுச் சிரித்தாளாம். சிரித்துக்கொண்டே அவள் சொன்னதையும் சொல்ல ஆரம்பித்த மேவிஸ், அவன் முகத்தைப் பார்த்ததும் கோட்டின் பொத்தானை விட்டுவிட்டாள். குரல் தாழ்ந்து போயிற்று.

“‘தேதியை நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா. இந்தத் தாளையெல்லாம் சரிபார்க்கிறவர் என் வீட்டுக்காரர். தப்பா இருந்தா, கட்டின பொண்டாட்டின்னும் பாக்காம அடிச்சுடுவார்.’”