பஞ்சமித் திதி

கணவரின் முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடவிருந்த கல்வெட்டு என்னும் நினைவுப் புத்தகத்துக்காகப் பண்டிதர் இளையதம்பி எழுதி வந்து வாசித்ததைத் தையல்நாயகி கேட்டுக்கொண்டிருந்தாள். முதலில், கணவர் இறந்த ஆண்டு, மாதம், திதி சொல்லும் வெண்பா. அடுத்ததும் அதே மாதிரியான வெண்பாதான். ஆனால் அதில் துவாரகனின் பெயர் இருந்தது. பதினேழு வருடங்களுக்கு முன் இராணுவம் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போன மகன்.

“இவன் செத்த திதியை உங்களுக்கு ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை, தங்கச்சி. முதலடி ‘நெஞ்சம்’ எண்டு தொடங்கிச்சுது. எதுகைக்குப் ‘பஞ்சமி’ நல்லா விழுந்திட்டுது. அசை பிரிச்சுப் பாருங்கோ, ஒரு இடத்திலயும் தளை தட்டாது.”

கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டுச் சீர்களை எண்ணிக் காட்டினார். அவள் தாளைப் பறித்துக் கசக்கி அவர் மடியில் எறிந்தாள்.

“கொண்டுபோனவங்கள்கூட அவன் செத்திட்டான் எண்டு இண்டைவரைக்கும் சொல்லேல்லை. நீங்கள் எதுகைக்காகச் சாகடிச்சுப் போட்டியள்! பஞ்சமியில ஒரு சாவு வேணுமெண்டால் உங்கட பேரைப் போடுங்கோ.”

பண்டிதரின் முகம் வெளிறியது. ஆனாலும் கட்டைவிரல் பழக்கத்தில் மற்ற விரல்களைத் தொட்டு எண்ணியது.

இளையதம்பி.

எங்கும் தளை தட்டவில்லை.