அக்கரைக்காரனுக்கு அனுமதி இல்லை

"அக்கரைக்காரன் எவனும் நம்ம கட்டடத்துக்குள்ள கால் வைக்கக் கூடாது!"

குடியிருப்போர் சங்கச் செயலாளர் காலையில் வாட்ஸ்அப் குழுவில் முழங்கியதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, காவலாளி அதை எழுதி வாசலிலேயே ஒட்டிவிட்டார்.

கீழ்வீட்டு டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலில் நின்றபடியே செயலாளரைப் போனில் பிடித்தார்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம் பொறந்தது ஒரு குத்தமா சார்? ஊரை ரெண்டாக்குற பேச்சு இது."

"கருத்துச் சுதந்திரம் டீச்சர்! வாய் என்னோடது, பேசுறேன். அதைக் கேட்டு எவன் என்ன செஞ்சாலும் நான் பொறுப்பில்ல."

"இப்பவே ஒருத்தரைக் காவலாளி மறிச்சு நிறுத்தியிருக்கார். கையில பெரிய பை..."

"அக்கரைக்காரனா?"

"ஆமா. ஆனா அவர் யாருன்னா..."

"எவனா இருந்தா எனக்கென்ன? விரட்டச் சொல்லுங்க!"

அந்தக் கத்தல் போனைத் தாண்டிக் காவலாளியின் காதுவரை எட்டியது. அவர் தடியை ஓங்க, வந்தவர் தலையில் அடித்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

"போயிட்டார் சார்."

"சபாஷ்!" என்ற செயலாளரின் குரல் சட்டென்று இறங்கியது. "டீச்சர், லிஃப்ட் மெக்கானிக் வந்துட்டானான்னு கொஞ்சம் பாருங்களேன். மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல அரை மணி நேரமா மாட்டிக்கிட்டிருக்கேன்."

"அவரைத்தான் சார் இப்ப விரட்டச் சொன்னீங்க."