கொக்கு தொட்ட பந்து

தாளாளரின் தலைக்கு மேல் வெறும் ஆணி மட்டும் இருந்தது.

அதில் தொங்கிய பெரிய படத்தை அன்று காலைதான் அவசர அவசரமாகக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் செருகியிருந்தார்கள். படம் இருந்த இடம் மட்டும் சுவரில் வெளுப்பாகப் பல்லிளித்தது.

படத்தில் இருந்தவன் மேசையின் மறுகோடியில், முழங்காலில் பட்டையோடு உட்கார்ந்திருந்தான்.

கல்லூரிக் கால்பந்து அணியில் அவனுக்குக் கொக்கு என்று பெயர். நெடுநெடு கால்களுக்காக முதலாண்டிலேயே வைத்தது. போன பருவம் தொடங்குவதற்கு முன் பயிற்சியில் முழங்கால் சவ்வு கிழிந்து, நிஜமாகவே ஒற்றைக் காலில் நிற்க நேர்ந்தபோது, பெயர் வைத்தவனே ஆஸ்பத்திரிக்கு வந்து கண்ணைக் கசக்கினான். நல்லவேளை பூரான் என்று வைக்கவில்லை, எத்தனை காலுக்குக் கட்டுப் போடுவது என்று கொக்குதான் அவனைத் தேற்றி அனுப்பினான்.

லீக் விதி எளிமையானது. ஒருவன் நான்கு பருவம் ஆடலாம். அடிபட்டு ஒரு ஆட்டம்கூட ஆடாமல் போனால் அந்தப் பருவம் கணக்கில் சேராது, அடுத்த ஆண்டு ஆடிக்கொள்ளலாம். ஒரே ஒரு நொடி ஆடியிருந்தாலும் போயே போச்சு.

கொக்குக்கு அது நான்காவது பருவம்.

நடக்கவே முடியாதவனை ஆட வைத்தது தாளாளரின் பெரிய மனசு. கடைசி ஆட்டத்தில், காயம்பட்ட சிங்கம் முதல் உதையை உதைத்துவிட்டு வெளியேற வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கொக்கைச் சிங்கமாக்கியதும் அவரே. பூங்கொத்து வந்தது, பேண்டு வந்தது, அவருடைய உரையும் வந்தது. அது மட்டும் போகவே இல்லை. ஒருவழியாக முடிந்ததும் கொக்கு ஊன்றுகோலைக் கொடுத்துவிட்டு, கட்டுப் போட்ட காலால் பந்தை மெல்லத் தள்ளினான். படம் எடுத்தார்கள். நொண்டிக்கொண்டே வெளியே போனான். பதிலாள் உள்ளே ஓடினான்.

அத்தனை பேரும் கை தட்டினார்கள். தட்டுகிற கையால் விதிப் புத்தகத்தைப் புரட்ட முடியாது.

புரட்டியது எதிரணிக் கல்லூரி. செய்தித்தாளில் வந்த அதே படத்தை ஒட்டிப் புகார் அனுப்பிவிட்டது. விசாரிக்க லீக்கிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடி. கொடுத்த காபி ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

தாளாளர் விளக்கினார். காலுக்கும் பந்துக்கும் நடுவே விரற்கடை இடைவெளி இருந்ததாம். எல்லாம் கேமராக் கோணமாம். பயிற்சியாளர் அதைச் செய்தே காட்டினார். மேசையிலிருந்த கண்ணாடி உருண்டையைத் தரையில் வைத்து, அதன்மேல் தன் ஷூவைத் தொடாமல் பிடித்தார். தொட்டுத் தொலைத்தது. உருண்டை ஓடிப்போய் அதிகாரியின் காலடியில் நின்றது.

அதிகாரி அதைக் குனிந்து எடுத்து மேசையில் வைத்தார். பிறகு கொக்கைப் பார்த்து, பந்தைத் தொட்டாயா இல்லையா என்று மட்டும் கேட்டார்.

காலையிலிருந்து அவனுக்குப் பாடம் எடுத்திருந்தார்கள். ஒரே சொல். தொடவில்லை. சொல்லிவிட்டால் அடுத்த பருவம் அவனுடையது.

அந்தப் பருவத்துக்காகத்தான் அவன் இத்தனை மாதம் துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து அமுக்கியது. பிள்ளைக்கு நடை பழக்குவதுபோல் காலுக்கு மடங்கப் பழக்கியது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே, அறைத்தோழர்களிடம் இந்தக் கால் என்னைவிடச் சோம்பேறிடா என்று சிரித்தது. முதல்முறை முழங்கால் முழுதாக மடங்கிய அன்று விடுதித் தாழ்வாரமே கூடி நின்று கூச்சல் போட்டது. வாத்தியம் இல்லை, உரை இல்லை.

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தான்.

ஆனால் அந்த ஆண்டு முழுவதும் அவன் கால் பந்தைத் தொட்டது அந்த ஒரு தடவைதான். புல் ஈரமாக இருந்தது. பந்து அவனை விட்டு உருண்டபோது, திரும்பி வருவேன் என்று முதன்முதலாக நம்பினான். அதைப் போய் இல்லை என்று சொல்ல நாக்கு வளையவில்லை.

“தொட்டேன் சார். நல்லாவே தொட்டேன்.”

பயிற்சியாளர் நெற்றியில் கை வைத்தார். பையன் வலி மாத்திரை சாப்பிடுகிறான், ஞாபகம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்று தாளாளர் அதற்குள் ஆரம்பித்துவிட்டார். சிங்கத்துக்கு ஒரு நொடியில் மூளை குழம்பிவிட்டது.

கொக்கு எழுந்தான். இனி அந்த அறையில் அவனுக்கு ஒன்றுமில்லை.

அதிகாரி அவனை உட்காரச் சொன்னார். எழுதி முடித்து, பேனாவை மூடி, அன்றைய ஆட்டத்துக்கு நடுவர் தான்தான் என்றார்.

அன்று அந்த நடுவரை, அவரைப் பெற்றவளையும் சேர்த்து, வாயாரத் திட்டாதவர் அந்த அறையில் இல்லை. முகத்தைத்தான் ஒருவரும் பார்த்திருக்கவில்லை.

“நீ தொட்டப்ப ஆட்டம் தொடங்கவே இல்ல தம்பி,” என்றார் அவர். “நீ கோட்டைத் தாண்டிப் போற வரைக்கும் விசிலை வாயில வச்சுக்கிட்டு சும்மாதான் நின்னேன்.”